திருகைத் தொடும் முன் பிப்பெட்டை எடைபோட்டுப் பார்ப்பது எப்படி?

செங்கோட்டை லேப் எழுதியது:

வணக்கம். செங்கோட்டையில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். புளியரை, ஆரியங்காவு, தென்மலைப் பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள். காலையில் ரயில் வந்த கையோடு நாற்காலி நிறைந்துவிடும், ஒன்பது மணிக்குள் எல்லோருக்கும் ஊசி போட்டாக வேண்டும். மெஷின் செமி ஆட்டோதான், சாம்பிளையும் ரீஏஜென்ட்டையும் (வினைத் திரவம்) நாங்களே கையால் அளந்து கலக்க வேண்டும். அதற்குப் பிப்பெட் (சின்ன அளவுத் திரவத்தை உறிஞ்சி விடுகிற கைக்கருவி) மூன்று: 10 மைக்ரோலிட்டர் ஃபிக்ஸட் ஒன்று, 10 முதல் 100 வரை ஒன்று, 100 முதல் 1000 வரை ஒன்று.

பிரச்சினை இதுதான். கொஞ்ச நாளாக எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் என்சைம் சோதனை) கன்ட்ரோல், அதாவது மதிப்பு தெரிந்த சரிபார்ப்புச் சீரம், அடியிலேயே ஓடுகிறது. குப்பித் தாளில் 42 என்று இருக்கிறது, எனக்கு 39, 39.5 என்றுதான் வருகிறது. அனுமதித்த எல்லைக்குள்தான். ஆனால் ஒரு நாள் கூட 42-க்கு மேலே போகவில்லை. சர்க்கரை, யூரியா எல்லாம் நடுவிலேயே நிற்கின்றன. புதுக் கன்ட்ரோல் குப்பி திறந்து பார்த்தேன், புது ரீஏஜென்ட் கலக்கிப் பார்த்தேன், மாற்றமில்லை. எஸ்.ஜி.பி.டி.க்கு மட்டும்தான் அந்த 100 பிப்பெட்டை எடுக்கிறோம் என்பதால் சந்தேகம் அதன் மேல்.

முதலாளி, "பெட்டியிலே ஒரு சாவி கிடக்குல்ல, அதைப் போட்டு ஒரு சுற்று ஏத்திவிடு" என்கிறார். அது பிப்பெட்டின் அளவை மாற்றும் திருகைத் திருப்புகிற சாவி. இந்த மாசக் கடைசியில் சர்வீஸ்காரர் வந்து மூன்றையும் வாங்கிப் போவார். திரும்பி வரும்போது ஒரு தாள் வரும், அதில் எல்லாம் அழகாக இருக்கும். போனபோது எப்படி இருந்தது என்று அதில் இருக்காது. எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.

பக்கத்துக் கல்லூரியில் கெமிஸ்ட்ரி சார் ஒருவர், சனிக்கிழமை மத்தியானம் வந்து அவர்களுடைய நாலு தசமப் பேலன்ஸில் (0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசு) போட்டுப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். எத்தனை முறை போட வேண்டும், எவ்வளவு வித்தியாசம் வரைக்கும் விடலாம், கை சரியில்லையா பிப்பெட் சரியில்லையா என்று எப்படிப் பிரிப்பது? இப்போது இங்கே சாரல் நேரம், சுவரெல்லாம் ஈரம். அது கணக்கைக் கெடுக்குமா?

களியக்காவிளை ரெஜி எழுதியது:

மக்களே, இதுக்கெல்லாம் பேலன்ஸ் எதற்கு. கால் சுற்று திருப்புங்கள், கன்ட்ரோலை ஓட்டுங்கள், 42 வந்ததும் நிறுத்துங்கள். எங்கள் பக்கம் இப்படித்தான் ஓடுகிறது.

கணவாய்க்காற்று, கொழிஞ்சாம்பாறை எழுதியது:

ரெஜி சொன்னதை மட்டும் செய்துவிடாதீர்கள் தங்கச்சி. கன்ட்ரோலைப் பார்த்துப் பிப்பெட்டைத் திருகினால், மெஷினில் இருக்கிற கோளாறையெல்லாம் பிப்பெட் தலையில் கட்டுகிறீர்கள். அப்புறம் எது எவ்வளவு தப்பு என்று கடவுளுக்கும் தெரியாது.

நான் கஞ்சிக்கோடு, வாளையார் பக்கம் கம்பெனி லேப்களுக்கும், இந்தப் பக்கம் பொள்ளாச்சி வரைக்கும் பை தூக்கிக்கொண்டு போய்ப் பிப்பெட் பார்க்கிறவன். ஒரு விஷயத்தில் பிடிவாதக்காரன்: வந்த நிலையிலேயே முதலில் அளக்க வேண்டும். துடைக்கக் கூடாது, கிரீஸ் போடக் கூடாது, ஓ-ரிங் (உள்ளே காற்றை அடைக்கிற வளையம்) மாற்றக் கூடாது, திருகைத் தொடவே கூடாது. நீங்கள் நோயாளி சீரத்தை எந்தப் பிப்பெட், எந்த டிப் (நுனியில் மாட்டுகிற பிளாஸ்டிக் முனை), எந்தக் கையால் எடுத்தீர்களோ, அப்படியே எடுத்து எடைபோட்டு எழுதி வைக்க வேண்டும். ஏனென்றால் அந்த எண்தான் போன மாசம் நீங்கள் கொடுத்த ரிப்போர்ட்டுகளுக்குச் சாட்சி. சுத்தம் செய்துவிட்டு அளந்தால் இனிமேல் வரப்போகிறதைப் பற்றி மட்டும்தான் தெரியும். உங்கள் சர்வீஸ்காரர் தாளில் இல்லை என்று சொன்னீர்களே, அந்த எண் இதுதான். கேட்டு வாங்குங்கள். தரவில்லையென்றால், அளக்காமலே திறந்துவிட்டார் என்று அர்த்தம்.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம்.

பிப்பெட், டிப், தண்ணீர் மூன்றையும் காலையிலேயே அந்த அறையில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். குறைந்தது இரண்டு மணி நேரம் ஒரே அறையில் இருக்க வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் போதும், ஆனால் அன்று திறந்த கேனாக இருக்கட்டும். பேலன்ஸை அரை மணி முன்னாலேயே போட்டுவிடச் சொல்லுங்கள். குமிழ் நடுவில் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள், தராசுக்கல் இருந்தால் ஒரு கல்லைப் போட்டுப் பாருங்கள். ஃபேனை நிறுத்துங்கள். கல்லூரியில் ஃபேனை நிறுத்தச் சொன்னால் முறைப்பார்கள், பரவாயில்லை.

தண்ணீருக்குள் தெர்மாமீட்டர் போட்டு வெப்பத்தை எழுதுங்கள். அறை வெப்பம் வேண்டாம், தண்ணீரின் வெப்பம் வேண்டும். பேலன்ஸ் காட்டுவது மில்லிகிராம், நமக்கு வேண்டியது மைக்ரோலிட்டர். ஒரு மில்லிகிராம் தண்ணீர் சரியாக ஒரு மைக்ரோலிட்டர் இல்லை. சூடு ஏற ஏறத் தண்ணீர் லேசாகிறது, காற்றும் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கிறது. இரண்டையும் சேர்த்து இசட் என்று ஒரு பெருக்கெண் வைத்திருக்கிறார்கள். 20 டிகிரியில் 1.0029, 25-இல் 1.0040, 27-இல் 1.0045, 28-இல் 1.0048, 30-இல் 1.0054. எடையை இதனால் பெருக்கினால் கொள்ளளவு. இதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் நம் ஊர் வெயிலில் எந்தப் பிப்பெட்டும் அரை சதவீதம் குறைவாகத்தான் தெரியும். நல்ல பிப்பெட்டை அப்படிக் கெட்டதென்று எழுதி அனுப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சாரல் பற்றிக் கேட்டீர்கள். கெடுக்காது, உங்களுக்கு அது வரம். காற்றில் ஈரம் பாதிக்கு மேல் இருக்க வேண்டும் என்றுதான் நாங்களே ஆசைப்படுவோம். என் ஊர்க்காரனைக் கேளுங்கள். மார்கழி, தை வந்தால் பாலக்காட்டுக் கணவாயில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும். உதடு வெடிக்கும், ஓலை பறக்கும், பேலன்ஸ் கண்ணாடிக்குள்ளேயே தண்ணீர் காய்ந்துகொண்டிருக்கும். எண் நிற்காமல் கடைசி இலக்கம் கீழே கீழே இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். அந்த மாசங்களில் நான் 10 மைக்ரோலிட்டர் வேலையைக் காலை ஏழு மணிக்கே முடித்துவிடுவேன்.

ஆனாலும் காய்வதைக் கணக்கில் எடுங்கள். வாய் குறுகின சின்னக் குப்பி, மூடியோடு. அடியில் முன்னாலேயே கொஞ்சம் தண்ணீர் இருக்கட்டும். தொடங்கும் முன் ஒரு வெறும் ஓட்டம்: குப்பியை வைத்து எண்ணை எழுதுங்கள், பிப்பெட் அடிக்கிற மாதிரி கதவைத் திறந்து, மூடியெடுத்து, மூடி, கதவைச் சாத்தி மறுபடி பாருங்கள். குறைந்தது எவ்வளவோ அதுதான் ஒரு சுற்றில் காய்வது. ஒவ்வொரு எடையோடும் அதைக் கூட்டிக்கொள்ளலாம். சாரலில் அது அநேகமாகக் கடைசி இலக்கத்தில் ஒன்று கூட வராது.

இனி கை. அளவை 100-க்கு வைக்கும்போது கீழேயிருந்து ஏற்றி அப்படியே நிறுத்தாதீர்கள். கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பி இறங்கி 100-இல் நிறுத்துங்கள், உள்ளே இருக்கிற திருகின் விளையாட்டு, அதாவது தளர்வு, ஒரு பக்கமே இருக்கும். டிப்பை மாட்டி, தண்ணீரை உறிஞ்சி விட்டு, உறிஞ்சி விட்டு, மூன்று முதல் ஐந்து முறை நனையுங்கள். இது சடங்கு இல்லை. காய்ந்த டிப்புக்குள் காற்று வறண்டிருக்கும், தண்ணீர் நுழைந்ததும் ஆவி கிளம்பிக் காற்று விரிந்து, உள்ளே வந்த தண்ணீரைக் கீழே தள்ளும். அதனால் முதல் எடை எப்போதும் குறையும். நனைத்த பிறகு உள்ளே ஈரம் நிறைந்துவிடும்.

நேராகப் பிடித்து, டிப் நுனி இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் மூழ்கினால் போதும். மெதுவாக விடுங்கள், ஏறி முடிந்ததும் ஒரு நொடி பொறுங்கள், பிறகு வெளியே எடுங்கள். குப்பியில் விடும்போது நுனியைச் சுவரில் சாய்த்து, முதல் நிறுத்தம் வரை, பிறகு இரண்டாவது நிறுத்தம் வரை அழுத்தி, சுவரோடு இழுத்தபடி வெளியே. எடை வருகிற நேரத்தில் பிப்பெட்டை உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டாண்டில் மாட்டுங்கள். கைச்சூடு உள்ளே போனால் அங்கே இருக்கிற காற்று விரியும், அளவு மாறும்.

இப்படிப் பத்து எடை. முழு அளவில் பத்து போதும், உங்களுக்கு. பிப்பெட்டுக்கான சர்வதேசத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 8655 படி முழுச் சோதனை என்றால் முழு அளவு, பாதி, பத்தில் ஒன்று என்று மூன்று இடத்திலும் பத்துப் பத்து போட வேண்டும். ஆனால் நாலு தசமப் பேலன்ஸில் 10 மைக்ரோலிட்டரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை. கடைசி இலக்கம் ஒன்று ஆடினாலே ஒரு சதவீதம் ஆடிவிடும்.

எவ்வளவு வரை விடலாம்? 100 மைக்ரோலிட்டர் காற்றுப் பிப்பெட்டுக்கு (பிஸ்டனுக்கும் திரவத்துக்கும் நடுவில் காற்று நிற்கிற வகை) அந்த ஐ.எஸ்.ஓ. தருவது, சராசரியில் கூடவோ குறையவோ 0.8 சதவீதம், எடைகள் ஒன்றுக்கொன்று சிதறுவது 0.3 சதவீதம். 1000-க்கும் இதே சதவீதங்கள்தான். 10 மைக்ரோலிட்டருக்குக் கொஞ்சம் தாராளம், 1.2-உம் 0.8-உம்.

இந்த இரண்டு எண்ணையும் தனித்தனியாகப் படியுங்கள், ஏனென்றால் கையா பிப்பெட்டா என்ற கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. பத்து எடையும் ஒட்டி ஒட்டி நின்று, மொத்தமாக ஒரு பக்கம் தள்ளியிருந்தால் அது திருகு விஷயமாக இருக்கலாம். எடைகள் அங்கும் இங்கும் அலைந்தால் திருகால் ஒன்றும் ஆகாது. டிப் உட்காரவில்லை, ஓ-ரிங் தேய்ந்தது, நுனிக்கூம்பில் கீறல், அல்லது கை. இன்னொருவரைக் கூப்பிட்டு அதே பிப்பெட்டில் போடச் சொன்னால் கை யாருடையது என்று தெரிந்துவிடும்.

கடைசியாக, எல்லாம் எடைபோட்டு முடித்த பிறகு கசிவு பாருங்கள். 100 உறிஞ்சி, நேராகத் தொங்கவிட்டு இருபது நொடி. நுனியில் துளி திரண்டால் உள்ளே காற்று நுழைகிறது.

குமுளிக்காரன் எழுதியது:

ஒரு சின்னச் சேர்க்கை. நாங்கள் ஏலக்காய் பார்க்கிற லேப். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறிவிட்டால் குமுளி ஏறக்குறைய 900 மீட்டர், காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கம்பத்தில் வைத்துச் சரிபார்த்து நல்ல தாளோடு வந்த பிப்பெட், மேலே வந்ததும் கொஞ்சம் குறைவாக எடுத்தது. இசட் எண்ணை மாற்றிப் பார்த்தோம், அதில் நாலாவது தசமத்தில் ஒன்றுதான் மாறுகிறது, அதனால் இவ்வளவு வர நியாயமில்லை. இது ஏன்? எங்கள் பையன் ஒருவன் ஆவி என்கிறான், இன்னொருவன் பேலன்ஸ் என்கிறான்.

கணவாய்க்காற்று எழுதியது:

இரண்டு பேரும் இல்லை தம்பி, பிஸ்டனுக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருக்கிற காற்றுதான். டிப்பில் ஏறி நிற்கிற தண்ணீரின் பாரம் அந்தக் காற்றைக் கீழே இழுத்து விரிக்கிறது. அதனால் பிஸ்டன் நகர்ந்த அளவைவிடத் தண்ணீர் சற்றுக் குறைவாகவே ஏறும். கம்பெனியில் திருகு வைக்கும்போது கீழ் அழுத்தத்துக்கு ஏற்ற மாதிரி அந்தக் குறையை ஈடுகட்டி வைத்திருப்பார்கள். மேலே அழுத்தம் குறைவு, காற்று இன்னும் எளிதாக விரியும், ஈடு போதாது. உள்ளே வெற்றுக் காற்று எவ்வளவு அதிகமோ அவ்வளவு தெரியும். பெரிய பிப்பெட்டைச் சின்ன அளவுக்கு வைத்து எடுத்தால் நன்றாகவே தெரியும். குமுளியில் ஓடுகிற பிப்பெட்டைக் குமுளியில்தான் எடைபோட வேண்டும். கீழே கொண்டுபோகாதீர்கள், வருகிறவனை மேலே வரச் சொல்லுங்கள்.

செங்கோட்டை லேப் எழுதியது:

அண்ணாச்சி, போட்டுவிட்டேன். கெமிஸ்ட்ரி சாரும் கூடவே நின்றார். தண்ணீர் 27 டிகிரி. வெறும் ஓட்டத்தில் எண் அசையவே இல்லை.

எங்கள் லேப்பில் எடுக்கிற அதே டிப், மஞ்சள் நிறம், கிலோக் கணக்கில் பாக்கெட்டில் வருவது. மில்லிகிராமில் தருகிறேன்: 98.1, 97.6, 98.3, 97.9, 97.2, 98.0, 97.8, 98.2, 97.5, 97.9. சராசரி 97.85. இசட் 1.0045 போட்டால் 98.29 மைக்ரோலிட்டர், அதாவது 1.7 சதவீதம் குறைவு. சிதறல் 0.34 சதவீதம். இரண்டுமே எல்லைக்கு வெளியே.

சாரையும் ஐந்து எடை போடச் சொன்னேன். அவருக்கும் 97-க்கும் 98-க்கும் நடுவில்தான் அலைந்தது. கசிவு பார்த்தபோது எங்கள் டிப்பில் ஒன்றில் இருபது நொடிக்குள் ஒரு குட்டித் துளி. இன்னொன்றில் இல்லை. டிப்பை மாட்டிய பிறகு விரலால் தொட்டால் லேசாகச் சுற்றுகிறது என்பதை அப்போதுதான் கவனித்தோம்.

அதனால் திருகைத் தொடவில்லை. சாரிடம் பிப்பெட் கம்பெனியின் டிப் ஒரு பெட்டி பாதி இருந்தது. பிப்பெட்டில் வேறு எதையும் மாற்றாமல் அதை மாட்டி மறுபடி பத்து: 99.1, 99.3, 99.0, 99.2, 99.4, 99.1, 99.2, 99.0, 99.3, 99.2. சராசரி 99.18, கணக்குப் போட்டால் 99.63. குறைவு 0.37 சதவீதம், சிதறல் 0.13.

அப்படியென்றால் பிப்பெட் நல்லதுதானே? முதலாளியிடம் டிப்பை மாற்றச் சொன்னால் விலை கேட்டு மயங்கி விழுவார். இனி எஸ்.ஜி.பி.டி. 42 வந்துவிடும் என்று சொல்லலாமா?

கணவாய்க்காற்று எழுதியது:

அருமையாகச் செய்திருக்கிறீர்கள். எண்ணை எழுதி வைத்த விதம் நான் போகிற பல பெரிய இடங்களில் இல்லை. பிப்பெட் நல்லது. திருகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் பாருங்கள்: லூஸ் டிப்புக்காக 1.7 ஏற்றி வைத்திருப்பீர்கள். நல்ல டிப் மாட்டிய அன்று ஒன்றேகால் சதவீதத்துக்கு மேல் கூடுதலாக எடுத்திருக்கும், எல்லைக்கு வெளியே. சிதறலோ அப்படியே இருந்திருக்கும்.

ஆனால் 42 வரும் என்று முதலாளியிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். கணக்கு இடிக்கிறது.

எஸ்.ஜி.பி.டி.யில் 100 சாம்பிள், 1000 ரீஏஜென்ட். சாம்பிள் 98.29 ஆனால் மொத்தமும் 1098.29 ஆகிறது. 98.29-ஐ அதனால் வகுத்து, 100-ஐ 1100-ஆல் வகுத்ததோடு ஒப்பிடுங்கள். விடை 1.6 சதவீதம் குறைவு. 42-இல் அது முக்கால் கூட இல்லை, 0.65. உங்களுக்கோ இரண்டரை, மூன்று குறைகிறது. பிப்பெட் கால் பங்குக் குற்றவாளிதான். மிச்சத்துக்கு ஆள் வேறு.

இன்னொரு விஷயம். சர்க்கரை, யூரியா ஏன் நடுவில் நிற்கின்றன என்று யோசித்தீர்களா? அவற்றுக்கு வேறு பிப்பெட் என்பது ஒன்று. ஆனால் அந்த 10 பிப்பெட்டே ஐந்து சதவீதம் குறைவாக எடுத்தாலும் உங்களுக்கு அநேகமாகத் தெரிந்திருக்காது. ஸ்டாண்டர்டையும் (செறிவு தெரிந்த ஒப்பீட்டுத் திரவம்) அதே பிப்பெட்டால் எடுக்கிறீர்கள், சாம்பிளையும் அதே பிப்பெட்டால் எடுக்கிறீர்கள். இரண்டிலும் ஒரே குறை, வகுத்தால் அடிபட்டுப் போகும். எஸ்.ஜி.பி.டி.க்கு ஸ்டாண்டர்ட் கிடையாது, கிட் தாளில் இருக்கிற ஃபேக்டரால், அதாவது ஒரு நிலையான எண்ணால், பெருக்குகிறோம். மொத்தம் 1.1 மில்லிலிட்டரைச் சாம்பிள் 0.1-ஆல் வகுத்து, ஒளி உறிஞ்சலுக்கான எண் 6.22-ஆல் வகுத்து, ஆயிரத்தால் பெருக்கினால் 1768 வரும். சில கிட்டில் கொஞ்சம் மாற்றி 1746 என்று போட்டிருப்பார்கள். அந்த 0.1 என்பது உங்கள் பிப்பெட் சரியாக 100 எடுக்கும் என்ற நம்பிக்கை. அங்கே பொய் சொன்னால் அடிபடாது, ரிப்போர்ட்டில் அப்படியே போய் உட்காரும்.

எஸ்.ஜி.பி.டி. என்சைம் வேலை. சூடு முக்கியம். ஃப்ளோ செல் (மெஷினுக்குள் கலவையை வைத்து அளக்கிற சின்ன அறை) 37 டிகிரியில் இருக்க வேண்டும். ஒரு டிகிரி குறைந்தாலே ரீடிங் சில சதவீதம் இறங்கும். சர்க்கரை, யூரியாவுக்கு அவ்வளவு வலிக்காது. ஸ்டாண்டர்டும் அதே சூட்டில்தானே ஓடுகிறது. மெஷின் திரையில் 37 என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். மெலிந்த புரோப் தெர்மாமீட்டர் வைத்திருக்கிற ஆளைப் பிடியுங்கள். ரீஏஜென்ட்டை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சூடாகும் முன்னே ஊற்றுகிறீர்களா என்றும் பாருங்கள்.

டிப் விலை பற்றி: கம்பெனி டிப் எல்லாவற்றுக்கும் வேண்டாம். ஃபேக்டர் போடுகிற டெஸ்டுகளுக்கு மட்டும் நல்ல டிப் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டாண்டர்ட் ஓடுகிறதற்கு மற்றது ஓடட்டும். ஆனால் பாக்கெட் மாறும்போதெல்லாம் மாட்டிச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் கடைக்காரனிடமே திருப்பிக் கொடுங்கள்.

கோபாலபுரம் பால் எழுதியது:

எங்களுக்கு மைக்ரோ எல்லாம் கிடையாதுங்க, பால் சொசைட்டி. ஓணம் நெருங்கினால் மீனாட்சிபுரம் வழியாக வண்டி வண்டியாகப் பால் போகும், அங்கே செக்போஸ்ட்டில் ஒரு தடவை பார்ப்பார்கள், இங்கே ஏற்றும்போது நாங்கள் ஒரு தடவை பார்ப்போம். கெர்பர் முறையில் பாலின் கொழுப்பு பார்க்க எடுக்கிற 10.75 மில்லி கண்ணாடிப் பிப்பெட்டை இப்படி எடை போட்டுப் பார்க்க முடியுமா? பேலன்ஸ் இல்லை. எதிரே நகைக்கடை இருக்கிறது, தெரிந்தவர்.

கணவாய்க்காற்று எழுதியது:

தாராளமாக. நகைக்கடைத் தராசு ஒரு மில்லிகிராம் வரை காட்டும், உங்கள் வேலைக்கு அது ஏகப்பட்டது. தண்ணீர் 27 டிகிரி என்றால் 10.75 மில்லிக்கு 10.70 கிராம் வர வேண்டும். கண்ணாடிப் பிப்பெட் மேல் எந்த டிகிரி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நம் நாட்டுக் கண்ணாடி பெரும்பாலும் 27 டிகிரிக்கு அளந்தது, வெளிநாட்டுச் சரக்கு 20 டிகிரிக்கு. நுனியில் கடைசித் துளியை ஊதித் தள்ள வேண்டிய வகையா, தானாக வடிய விடுகிற வகையா என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள். ஒருவர் ஊதி, ஒருவர் ஊதாமல் எடுத்தால் அதிலேயே கொழுப்புச் சண்டை வந்துவிடும். முக்கியம், எடைபோடும் முன் உள்ளே பார்த்துவிடுங்கள்: தண்ணீர் சுவரில் படலமாக இறங்காமல் துளித் துளியாக ஒட்டி நின்றால் பால் கொழுப்பு ஒட்டியிருக்கிறது. அப்படியே ஒரு தடவை எடைபோட்டு எழுதிவிட்டு, கழுவிவிட்டு மறுபடி போடுங்கள்.

மைக்ரோபிப்பெட்காரர்களும் இந்த நகைக்கடை வழியைப் பிடிக்கலாம். 100 மைக்ரோலிட்டரை ஒரே குப்பியில் பத்து முறை விட்டு மொத்தமாகப் போட்டால் கிட்டத்தட்ட ஒரு கிராம், அதில் ஒரு மில்லிகிராம் என்பது ஆயிரத்தில் ஒன்று. சராசரி தெரியும். சிதறல் தெரியாது, அதற்கு ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும். முகூர்த்த நாளில் மட்டும் போகாதீர்கள், கடைக்காரர் துரத்திவிடுவார்.

களியக்காவிளை ரெஜி எழுதியது:

அண்ணா, நானும் ஒன்று கேட்கிறேன். திருகவே கூடாதென்றால் கம்பெனிக்காரன் சாவியை ஏன் பெட்டியில் போட்டுத் தருகிறான்?

கணவாய்க்காற்று எழுதியது:

திருகலாம் ரெஜி. முதலில் வந்த நிலையில் எடை, எழுதி வை. பிறகு நல்ல டிப்போடு எடை. பிறகு திறந்து துடைத்து, ஓ-ரிங் பார்த்து, கம்பெனி சொன்ன கிரீஸ் ஒரு பொட்டு, மறுபடி எடை. இவ்வளவுக்குப் பிறகும் பத்தும் ஒட்டி நின்று ஒரு பக்கம் தள்ளியிருந்தால் சாவியை எடு. திருகிய பிறகு மறுபடி பத்து. எத்தனை கோடு திருப்பினாய் என்றும் எழுது. முழு அளவில் திருகினால் சின்ன அளவிலும் அது நகரும், அதையும் பார். இவ்வளவையும் செய்கிறவனுக்குத்தான் அந்தச் சாவி.

செங்கோட்டை லேப் எழுதியது:

அண்ணாச்சி, மெஷின் இன்ஜினியர் நேற்று தென்காசி வந்தவர், கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்தோம். திரையில் 37.0, ஃப்ளோ செல்லில் அவர் புரோப் 36-க்குக் கீழே காட்டியது. ஹீட்டரைச் சரி செய்து கொடுத்திருக்கிறார். சாரிடம் வாங்கிய டிப்பில் இன்று காலை கன்ட்ரோல் 41.5, அடுத்தது 42.

பிப்பெட்டை மாசக் கடைசியில் அனுப்பத்தான் போகிறோம், வருஷத் தாள் வேண்டுமே. என் இருபது எடையையும் ஒரு தாளில் எழுதி, எந்த டிப், எத்தனை டிகிரி என்று போட்டு, பெட்டிக்குள் வைத்துவிட்டேன். மேலே, "திறக்கும் முன் அளந்த எண்ணையும் தரவும்" என்று சிவப்பில் எழுதியிருக்கிறேன். 10 ஃபிக்ஸட் பிப்பெட்டை எங்கே எடைபோடுவது என்பதுதான் மிச்சம். தென்காசி, ராஜபாளையம் பக்கம் ஐந்து, ஆறு தசமப் பேலன்ஸ் வைத்திருக்கிறவர்கள் யாராவது இருந்தால் இங்கே சொல்லுங்கள். டீயும் வடையும் என் செலவு.